பந்தல் தானாகச் சரியவில்லை

முதியோர் இல்லத்தில் அவரை எல்லோரும் வார்டர் என்றே கூப்பிட்டார்கள். பின்னால் அம்மா என்றோ அக்கா என்றோ யாரும் ஒட்டவில்லை. பெண்கள் சிறையில் காலமெல்லாம் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குட்டையான உடம்பு, அகலமான மணிக்கட்டு. நடந்தால் முழங்கால் வலிக்கும். ஆனால் ஓரிடத்தில் நின்றுவிட்டால் நட்டுவைத்த கல் மாதிரி நிற்பார். நிற்பதுதான் அவருடைய வேலையாக இருந்தது.

அடிப்பதும்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பொருளில்லை. அவருடைய அப்பா அவரைத் தோல்வாரால் அடித்து வளர்த்தார். கல்யாணமான புதிதில் கணவர் ஒரு தடவை கை நீட்டினார். அந்தக் கையை முறுக்கி ஆளைச் சுவரோடு வைத்து அழுத்தியதில் கணவரின் மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சாகும்வரை நேராகவில்லை. மகள் பொய் சொன்னபோது அடித்தார். உண்மையை ஒப்புக்கொண்டபோதும் அடித்தார். சிறையில் அதே கைக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அடிக்கிறவர்கள் எல்லோரும் கோபக்காரர்கள் என்று நினைப்பது வழக்கம். வார்டருக்குக் கோபம் குறைவு. பேசி முடித்ததும் வைக்கிற முற்றுப்புள்ளி போலத்தான் அவருடைய அடி இருந்தது. கோபத்தில் அடிக்கிறவன் பிறகு வருந்தவாவது செய்வான். முற்றுப்புள்ளிக்காக யாரும் வருந்துவதில்லை.

சிறையில் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த சம்பவம் ஒன்று உண்டு. ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் கைகலப்பு மூண்டது. ஒருத்தி தட்டை உடைத்து விளிம்பைக் கத்தியாக்கியிருந்தாள். வார்டரோடு பணியில் இருந்த இன்னொரு பெண் நடுவில் புகுந்து விலக்கப் போனாள். அங்கே விதிமுறை தெளிவானது: சண்டை மூண்டால் முதலில் கதவைப் பூட்டு. அடுத்த கொட்டடிக்குப் பரவக் கூடாது. பிறகு விசில் ஊது. ஆள் வந்து சேரும்வரை காத்திரு. வார்டர் கதவை இழுத்துப் பூட்டினார். கூட வேலை செய்தவள் உள்ளே இருந்தாள். பூட்ஸ் சத்தம் ஓடிவந்து கதவு திறக்கப்பட்டபோது அவளுடைய இடது காது பாதிதான் மிச்சம் இருந்தது. தரையில் சாம்பாரா ரத்தமா என்று தெரியாத கலவையில் நாலு பேர் கிடந்தார்கள். மேலதிகாரி வார்டரின் தோளைத் தட்டினார். காதை இழந்தவளும் மருத்துவமனையில், “நீ செஞ்சதுதான் சரி, நானா இருந்தாலும் பூட்டியிருப்பேன்” என்றாள். வார்டருக்கு அதில் என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டில் கொஞ்ச காலம் இருந்தார். ஒரு காலையில் மருமகன் ஏதோ எகத்தாளமாகச் சொல்ல, கையில் இருந்த குக்கர் மூடியால் அவர் கன்னத்தில் வைத்துவிட்டார். மருமகனுக்கு இரண்டு தையல். மகள் அழவில்லை. அம்மாவின் துணிகளை மடித்து ஒரு பெட்டியில் வைத்தாள். “என்னை அடிச்சது போதாதாம்மா. அடுத்த தலைமுறைக்கும் வேணுமா?” என்று மட்டும் கேட்டாள். இல்லத்தின் வாசலில் இறக்கிவிட்டுப் போனவள் அதன்பின் வரவில்லை.

இல்லத்திலும் கை சும்மா இருக்கவில்லை. வெந்நீர் வரிசையில் முந்தப் பார்த்த ஒரு பெரியவரை வார்டர் அறைந்தார். அவர் முன்னாள் டெய்லர். அவருடைய பல்செட் வாயிலிருந்து தெறித்துச் சாக்கடைக்குள் போனது. மேலாளர் வார்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்பது வயதுக்காரர், எப்போதும் தலைவலி வந்தவர் போல நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

“மேடம், உங்க வயசுக்கு மரியாதை குடுத்துச் சொல்றேன். இன்னொரு தடவை யார் மேலயாவது கை வெச்சீங்கன்னா, அன்னைக்கே பெட்டியைக் கட்டிட வேண்டியதுதான்.”

“அவன் வரிசையில முந்தினான்.”

“அவருக்கு இப்ப பல்லு இல்ல மேடம்.”

வேறு இல்லங்கள் வார்டரைச் சேர்க்காது. ஏற்கெனவே விசாரித்துப் பார்த்தாயிற்று. மகள் வீட்டுக் கதவு திறக்காது. ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் உள்ள அந்த அறை போனால் அவருக்கு இந்த உலகத்தில் படுக்க இடம் கிடையாது.

*

பக்கத்துக் கல்லூரியிலிருந்து மாணவர்களை வரவழைத்து, இல்லத்தின் பின்னால் கிடந்த தரிசைத் தோட்டமாக்குவது ஒரு பேராசிரியையின் யோசனை. ஒரு முதியவர், ஒரு மாணவர் என்று ஜோடி. ஒரு ஜோடிக்கு ஒரு பாத்தி, ஒரு மண்வெட்டி, ஒரு களைக்கொத்து. குனிய முடியாதவருக்குப் பதில் சின்னவர் குனிய வேண்டும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சுரைக்கொடிப் பந்தல். “மண் மனுஷங்களை மிருதுவாக்கிடும்” என்று தொடக்க நாளில் பேராசிரியை பேசினார். கடைசி வரிசையில் நின்ற வார்டர், “மண்ணுல போட்டா எல்லாரும் மிருதுவாத்தான் ஆவாங்க” என்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்தான் அவருக்கு ஜோடி என்று அப்புறம் தெரிந்தது.

அவள் தானாக வந்தவள் இல்லை. விடுதியில் உடன் தங்கியிருந்தவளை இஸ்திரிப்பெட்டியால் அடித்தவள். அடிபட்டவளுக்குத் தாடையில் தீப்புண். கல்லூரி அவளை நீக்கியிருக்கும். பேராசிரியைதான் குறுக்கே விழுந்து, இந்தப் பருவம் முழுவதும் தோட்டத்தில் வேலை செய்யட்டும், ஒழுங்காக இருந்தால் இறுதித் தேர்வு எழுதலாம் என்று பேசி வைத்திருந்தார். இப்படிப்பட்டவளை யாருடன் சேர்ப்பது என்று யோசித்த மேலாளருக்கு வார்டரைத் தவிர யாரும் தோன்றவில்லை. அவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு நிபந்தனை வைத்தார். இருவரில் யார் கை ஓங்கினாலும் இருவருமே வெளியே. வார்டருக்கு அறை போகும், அவளுக்குத் தேர்வு போகும்.

பேராசிரியை அதைப் பரஸ்பரப் பொறுப்பு என்றார். பிணை என்பதே சரியான சொல். அன்பு செய்யத் தவறியதைப் பிணை செய்துவிடும் என்று நம்புவது நிர்வாகங்களின் பழைய பழக்கம். அந்த நம்பிக்கை பல சமயம் பலிக்கவும் செய்கிறது என்பதுதான் சங்கடம்.

“உன் பேரென்ன?” என்று வார்டர் கேட்கவில்லை. “இஸ்திரி, அந்த வாளியை எடு” என்றார் முதல் நாளே.

“நீங்க மட்டும் என்னவாம். ஒரு தாத்தாவோட பல்லைப் பறக்க விட்டீங்களாமே.”

“அது கழட்டி மாட்டுற பல்லுதான்.”

“அப்ப சரி பாட்டி.”

“பாட்டின்னா மண்வெட்டியாலயே ஒண்ணு வெப்பேன்.”

“வெச்சா ரெண்டு பேரும் வெளிய. வெக்க மாட்டீங்க.” அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். போகிற போக்கில், “பெரியம்மான்னு வேணா கூப்பிடறேன்” என்றாள்.

இருவருக்கும் தோட்டவேலை தெரியாது. முதலில் போட்ட விதைகளை நீரில் மூழ்கடித்தார்கள். இரண்டாவது தடவை வரிசையாக முளைத்து வந்ததைக் கண்ணில் வைத்துக் காத்தார்கள். தினமும் தண்ணீர், வெயிலுக்கு மறைப்பு என்று எல்லாம் நடந்தது. அது கத்தரி அல்ல, வெறும் களை என்று டெய்லர்தான் வேலிப்பக்கமிருந்து சொன்னார். புதுப் பல்செட்டோடு அவர் சிரித்த சிரிப்பு வார்டருக்கு நெடுநாள் மறக்கவில்லை.

தோட்டம் அமைதியான இடம் என்று சொல்கிறவர்கள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள். நெருங்கி முளைத்த நாற்றுகளில் தேறிய ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கி எறிய வேண்டும். எறியும்போது அவற்றின் வேர்கள் வெள்ளையாக, ஈரமாக இருக்கும். இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் புழுவை இரண்டு விரல்களுக்கு நடுவில் நசுக்க வேண்டும். பச்சையாக ஏதோ வெடிக்கும். மற்ற ஜோடிகள் இந்த வேலையை முகம் சுளித்துச் செய்தார்கள். நத்தைகளை உப்பு நீரில் போடச் சொன்னபோது ஒரு மாணவன் பாத்தியை விட்டே போய்விட்டான். வார்டரும் இஸ்திரியும் சுளிக்கவில்லை. மற்றவர்களுடைய பாத்திகளுக்கும் போய்ப் புழு நசுக்கிக் கொடுத்தார்கள். அந்தத் தோட்டத்தில் அவர்கள் இருவருக்கும் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். அதை மரியாதை என்று சொல்லலாமா என்பது வேறு கேள்வி.

ஒரு பெருச்சாளி அவர்களுடைய பாத்தியைக் குடைந்துகொண்டிருந்தது. வளைக்குள் தண்ணீர் ஊற்றியதும் இன்னொரு துவாரம் வழியாக வெளியே பாய்ந்தது. இஸ்திரி மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து ஓங்கி அடித்தாள். முதல் அடியில் முதுகு முறிந்தது. அது முன்னங்கால்களால் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு நகரப் பார்த்தது. இரண்டாவது அடியில் நின்றது. அவள் நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். ரோமமும் மண்ணும் ஒன்றாகக் குழைந்தன. அவள் முகத்தில் சிவப்பாகத் தெறித்திருந்தது.

“செத்துடுச்சு,” என்றார் வார்டர்.

அடி விழுந்துகொண்டே இருந்தது.

“அதுக்கு இனிமே வலிக்காது. உனக்குத்தான் தோள்பட்டை வலிக்கும். விடு.”

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். மூச்சு வாங்கியது. பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்.

“எங்கம்மா போன் பண்ணியிருந்தாங்க. நான் துணி தேச்சுட்டிருந்தேன், ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். பேசிட்டிருக்கும்போதே அப்பா வந்துட்டாரு. போனை வெக்காமலே அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. எல்லாம் கேக்குது. நான் என்ன பண்ண முடியும்? கேட்டுட்டே நிக்கறேன். ரூம்மேட் கட்டில்ல படுத்துட்டு, ‘கொஞ்சம் சவுண்டைக் குறை, படிக்கணும்’னா.”

“இஸ்திரிப்பெட்டி சூடா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“தெரிஞ்சேதான் அடிச்சே?”

அவள் யோசித்தாள். “தெரிஞ்சேதான்.”

வார்டர் தலையாட்டினார். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமில்லை. பெருச்சாளியைக் களைக்கொத்தால் அள்ளி, பின்வாசலுக்கு வெளியே சந்தின் கோடியில் இருக்கும் குப்பைக்குழிக்குக் கொண்டுபோனார். பின்வாசலின் கம்பிக்கதவுச் சாவி அவரிடம்தான் இருந்தது. மேலாளர் வேறு எதற்கும் அவரை நம்பவில்லை என்றாலும் பூட்டுகிற விஷயத்தில் நம்பினார்.

அன்றைக்குப் பிறகு அவர்களுக்கு நடுவில் பேச்சு கொஞ்சம் கூடியது. அதற்கு மேல் எதுவும் நடந்ததாகச் சொல்ல முடியாது.

*

தேர்வு விடுமுறை தொடங்கியதும் மற்ற மாணவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். இஸ்திரிக்கு மட்டும் விலக்கில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதியவர்கள் படுத்துவிடுவார்கள். தூக்கத்தில் யாரும் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய் விழுந்துவிடக் கூடாது என்று கட்டடத்தின் பின்கதவை உள்ளிருந்து தாழ்போட்டுவிடுவார்கள். தொலைக்காட்சி மட்டும் கூடத்தில் யாருக்கும் இல்லாமல் சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு மதியத்தில் இஸ்திரி பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். வார்டர் கம்பிக்கதவைத் திறந்தபடியே விட்டு, களைக்கூடையைத் தூக்கிக்கொண்டு குப்பைக்குழிக்குப் போனார். கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத் திரும்பியபோது தோட்டத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. வார்த்தையில்லாத சத்தம். தசையில் கட்டை விழுகிற சத்தம். அதை அவரால் தூக்கத்திலும் அடையாளம் காண முடியும்.

முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் கம்பிக்கதவுக்கு வந்தார். உள்ளே இரண்டு பெண்கள். ஒருத்திக்குத் தாடையில் சுருங்கிப் பளபளக்கிற தழும்பு. அவள் யாரென்று கேட்க வேண்டியதில்லை. மற்றவள் நெட்டையாக இருந்தாள், கையில் ஹாக்கி மட்டை. இஸ்திரி மண்ணில் மண்டியிட்டிருந்தாள்.

பின்னால் அவர் எவ்வளவோ யோசித்துப் பார்த்தும், அந்தக் கணத்தில் தான் ஏதாவது நினைத்ததாக அவருக்கு நினைவில்லை. கை கதவை இழுத்தது. பூட்டை மாட்டியது. அழுத்தியது. கிளிக் என்ற சத்தம் கேட்டது. இரண்டு விரல்களை வாயில் வைத்து விசில் அடித்தார், நீளமாக, மூன்று தடவை. பிறகு நிமிர்ந்து நின்றார். காத்திருந்தார்.

பூட்ஸ் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

சத்தம் எதுவும் வரவில்லை. கட்டடத்துக்குள் தொலைக்காட்சியில் யாரோ கைதட்டினார்கள். உள்ளே அடி விழுந்துகொண்டிருந்தது. தழும்புக்காரி இஸ்திரியின் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையைத் தூக்கினாள். “இங்க பாருடி. என் மூஞ்சியப் பாரு. நல்லாப் பாரு” என்று சொல்லிச் சொல்லி அறைந்தாள். நெட்டைக்காரி மட்டையைத் தொடையில் இறக்கினாள், முதுகில் இறக்கினாள். இஸ்திரியின் உதடு கிழிந்து ரத்தம் முகவாயில் வழிந்தது. அவள் திருப்பி அடிக்கவில்லை. பந்தல் கம்பத்தை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். விழாமல் இருக்க அல்ல. கையை விட்டால் அது என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அவள் விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு வெளுத்திருந்தன. இடது கண்ணுக்கு மேல் மட்டை பட்டபோதும் விரல்கள் பிரியவில்லை.

கம்பிகளுக்கு இப்பாலிருந்து வார்டர் அந்த விரல்களைத்தான் பார்த்தார். உதவிக்கு ஆள் வரப்போவதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே அவர் மட்டும்தான். அவர் வெளியே நிற்கிறார்.

சாவி இடுப்பில் இருந்தது. பூட்டு ஒரே திருப்பில் திறந்தது. பாத்தி ஓரத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து, இரும்புத் தகட்டுப் பக்கத்தைத் தன் பக்கமாக வைத்துக் காம்பை முன்னால் நீட்டிப் பிடித்தார். எந்த இடத்தில் அடித்தால் ஆயுதம் கீழே விழும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மட்டை மேலே போனபோது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் அடித்தார். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல ஒரு சத்தம். நெட்டைக்காரி கத்தவில்லை. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. தன் கை புதிதாக ஓரிடத்தில் மடங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே பாத்திக்குள் உட்கார்ந்தாள். வார்டர் திரும்பினார். தழும்புக்காரியின் அடிவயிற்றில் காம்பின் நுனி இறங்கியது. அவள் சுருண்டு விழுந்து வாந்தியெடுத்தாள். விழுந்தவளின் மேல் காம்பு இன்னொரு தடவை உயர்ந்தது.

“போதும் பெரியம்மா,” என்றாள் இஸ்திரி. “செத்துடுவா.”

காம்பு மேலேயே நின்றது. பிறகு இறங்கியது.

*

முதலில் பேசியது நெட்டைக்காரி.

“நாங்க இங்க வந்தது காலேஜுக்குத் தெரிஞ்சா எங்களை எக்ஸாம் ஹாலுக்குள்ளயே விட மாட்டாங்க.”

“அதை வர்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்,” என்றார் வார்டர்.

“நீங்களும்தான் யோசிச்சிருக்கணும். உங்களுக்கு என்ன கண்டிஷன்னு எங்களுக்குத் தெரியும். ஹாஸ்டல்ல எல்லாருக்கும் தெரியும்.”

தழும்புக்காரி வாயைத் துடைத்துக்கொண்டாள். “யாரும் யாரையும் அடிக்கல. விழுந்துட்டோம். அவ்வளவுதான்.”

வழுக்கி விழுந்துவிட்டேன், கதவில் இடித்துக்கொண்டேன் என்று ஆயிரம் வாய்களிலிருந்து இந்தப் பொய்யை வார்டர் கேட்டிருக்கிறார். பொய் சொல்கிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு என்னவென்றும் அவருக்குத் தெரியும்.

“மூணு பேரு ஒண்ணா எங்க விழுவீங்க? கை எலும்பு ரெண்டா இருக்கு. எது மேல விழுந்தீங்கன்னு கேட்டா எதைக் காட்டுவீங்க?”

வார்டர் மேலே பார்த்தார். பந்தலில் சுரைக்காய்கள் கைப்பிள்ளைகள் கனத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு பருவம் முழுக்க எல்லா ஜோடிகளும் சேர்ந்து ஏற்றிவிட்ட கொடி. டெய்லர் ஒவ்வொரு காய்க்கும் பழைய துணியில் தொட்டில் தைத்துக் கட்டியிருந்தார்.

“கம்பத்தைப் பிடி,” என்றார்.

இஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. “இதையா? எல்லாரும் சேர்ந்து போட்டது பெரியம்மா.”

“உனக்குப் பரீட்சை வேணுமா, சுரைக்காய் வேணுமா?”

அவள் ஒரு கண்ணால் அவரைப் பார்த்தாள். இன்னொரு கண் வீங்கி மூடியிருந்தது. பிறகு எழுந்து, சற்றுமுன் கட்டிப்பிடித்திருந்த அதே கம்பத்தில் தோளைக் கொடுத்தாள். தழும்புக்காரி தயங்கினாள்.

“நீ என்ன வேடிக்கை பாக்கற? அந்தப் பக்கம் வா,” என்றார் வார்டர்.

அவள் வந்தாள். வார்டர் வேலியோரம் சாத்தியிருந்த கடப்பாரையால் கம்பத்தின் அடியைக் கிளறித் தளர்த்தினார். மூவரும் தள்ளினார்கள். முதல் தள்ளலில் அசைந்தது, அவ்வளவுதான். நெட்டைக்காரி ஒடிந்த கையை மடியில் ஏந்திக்கொண்டு, பற்களைக் கடித்துக்கொண்டு, “சேர்ந்து தள்ளுங்க. ஆளுக்கொரு பக்கம் தள்ளினா எப்படி விழும்?” என்றாள். சேர்ந்து தள்ளினார்கள். இஸ்திரியின் உதட்டு ரத்தம் தழும்புக்காரியின் சட்டையில் ஒட்டியது. யாரும் விலகவில்லை. கம்பம் பெயர்ந்தது. குறுக்குக் கழிகள் படபடவென்று முறிந்தன. மொத்தப் பந்தலும் ஒரு பெருமூச்சோடு சாய்ந்து தரையில் அறைந்தது. காய்கள் வெடித்து வெள்ளைச் சதையும் விதையும் சிதறின.

முதியவர்களையும் இளையவர்களையும் ஒன்றுசேர்க்க வேண்டும் என்று தொடங்கிய அந்தத் தோட்டத்தில், எல்லாக் கைகளும் மனமொத்துச் செய்த வேலை இது ஒன்றுதான்.

சத்தம் கேட்டுப் பின்கதவு திறந்தது. மேலாளர் ஓடிவந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராக முதியவர்கள். வார்டர் இடிபாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“பந்தல் சரிஞ்சிடுச்சு,” என்றார். “பிள்ளைங்க அடியில மாட்டிக்கிச்சு.”

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சுற்றிப் பார்த்தார். கிழிந்த உதடு. மூடிய கண். ஒடிந்த கை. புல்லில் கிடந்த ஹாக்கி மட்டையின் மேல் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது.

“இந்த ரெண்டு பேரும் யாரு?”

“என்னோட ரூம்மேட்டும் அவ ஃப்ரெண்டும் சார்,” என்றாள் இஸ்திரி. “உதவிக்கு வந்திருந்தாங்க.”

“அப்படியா?” என்று தழும்புக்காரியிடம் கேட்டார்.

“ஆமா சார்.”

“நீங்க யார் மேலயாவது கை வெச்சீங்களா மேடம்?”

“இல்ல.”

மேலாளர் முட்டாள் அல்ல. ஆனால் உண்மையைத் தெரிந்துகொண்டால் அதற்குப் பிறகு அவருக்கு நிறைய வேலை இருந்தது. ஒரு கிழவியைத் தெருவில் விட வேண்டும், மூன்று பெண்களின் படிப்பைப் பாதியில் முடித்துவைக்க வேண்டும், காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். அவர் மட்டையிலிருந்து பார்வையை எடுத்தார். “ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க,” என்றார் பின்னால் திரும்பி.

டெய்லர் குனிந்து, தான் தைத்த தொட்டில் ஒன்றை இடிபாட்டிலிருந்து உருவி எடுத்தார். அதற்குள் உடைந்த காயின் பாதி இருந்தது. “இதுக்கும் பல்லு போச்சா?” என்று வார்டரைப் பார்த்துக் கேட்டார். வார்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேராசிரியை மருத்துவமனைக்கே போனார். அடித்தவளும் அடிபட்டவளும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பதைக் கண்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். பகை மறந்து தோட்டத்துக்கு உதவ வந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். திட்டத்தை அடுத்த ஆண்டும் நடத்தக் கல்லூரி ஒப்புக்கொண்டது.

*

வார்டரின் அறை வார்டரிடமே இருந்தது. இஸ்திரி கருத்த கண்ணோடு தேர்வுகளை எழுதினாள். கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் அவள் தோட்டத்துக்கு வந்தாள். வரவேண்டிய கட்டாயம் இனி இல்லை. இடிந்த பந்தலை அகற்றிவிட்டுப் புதுக் கம்பம் நட வேண்டியிருந்தது. மற்றவர்கள் யாரும் கிட்டே வரவில்லை. அந்தப் பாத்தி ஜோடிதான் பந்தலை நாசமாக்கியது என்று எப்படியோ எல்லோருக்கும் தோன்றியிருந்தது. எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

வார்டர் கடப்பாரையால் குத்த, அவள் மண்ணைக் கையால் அள்ளி வெளியே போட்டாள்.

“ரொம்ப வலிச்சுச்சா?” என்று வார்டர் கேட்டார். யாரிடமும் அவர் கேட்டிராத கேள்வி. தப்பான இடத்தில் இறங்கிவிட்ட பயணி மாதிரி அந்தக் கேள்வி அங்கே நின்றது.

“வலிக்காம இருக்குமா.”

“நான் வந்துதானே விலக்கினேன்.”

“வந்தீங்க. அவ கையை உடைச்சீங்க. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல.” அவள் குழிக்குள் பார்த்துக்கொண்டே பேசினாள். “பூட்டினீங்களே பெரியம்மா. முதல் அடி விழுந்தப்ப நான் கதவைத்தான் பாத்தேன். நீங்க வர்றதையும் பாத்தேன். அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் கிளிக்னு கேட்டுச்சு.”

“அதான் முறை. முதல்ல பூட்டணும். பரவக் கூடாது.”

“எங்க பரவும்?”

வார்டர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார். சுற்றிலும் பாத்திகள் இருந்தன. ஒரு பூவாளி கவிழ்ந்து கிடந்தது. பரவுவதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக அவர் இன்னொருவரிடம் யோசனை கேட்டார்.

“பின்ன என்னதான் பண்ணியிருக்கணும்ங்கற?”

அவள் அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள் என்பது பதில் வந்த வேகத்தில் தெரிந்தது.

“பூட்டினது தப்புன்னு சொல்லல. உள்ள வந்துட்டுப் பூட்டியிருக்கலாம்.”

வார்டர் கடப்பாரையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். முழங்கால் நோக, கம்பியை வளைப்பது போல ஒவ்வொரு மூட்டாக மடக்கி, வார்டர் குழியின் ஓரத்தில் உட்கார்ந்தார். கையை உள்ளே விட்டு மண்ணை அள்ள ஆரம்பித்தார்.

“தள்ளி உக்காருங்க,” என்றாள் அவள், “கைல குத்திடப் போறேன்.”

“குத்து,” என்றார் வார்டர். கையை எடுக்கவில்லை.

அவள் கடப்பாரையை ஓங்கியபடியே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழியின் மறுபக்கத்தில் குத்தினாள்.